பெயர் எழுதாத கவர்

மகனே,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தினமும் பேனாவை எடுப்பதும், கண் வலிக்கிறது என்று உன் அம்மாவிடம் சொல்லி மூடி வைப்பதுமாகப் போயிற்று. இன்றைக்கு வேறு வழி இல்லை. கிருத்திகைக்காகக் கன்னியப்பன் மாமா அரக்கோணத்திலிருந்து காலை வண்டியில் வந்து மலைக்குப் போயிருக்கிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னைப் பார்க்கச் சென்னைக்கு வரப்போகிறாரே, தபாலில் போடுவானேன், என் தம்பி கையிலேயே கொடுத்து அனுப்புங்கள் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அவர் படியிறங்கி வந்து, சாப்பிட்டு, மத்தியான வண்டிக்குக் கிளம்புவதற்குள் நான் இதை முடித்தாக வேண்டும். முன்பெல்லாம் நானும் கூடவே ஏறுவேன். இப்போது பத்துப் படிக்கு மேல் முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

நீ கேட்டிருந்தது நியாயமான கேள்விதான். பிராட்வேயில் ஏதோ ஒரு மாடியில், ஒரு டைப் மிஷினும் இரண்டு நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஏஜெண்டு, பெரிய கம்பெனியில் ஹெட்கிளார்க் வேலை இருக்கிறது என்கிறான். கம்பெனியின் பெயரைக் கேட்டால் மட்டும் சிரிக்கிறான். திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொன்னால் பிறகு பெயரைச் சொல்கிறேன் என்கிறான். பெண்ணைக் காட்டாமல் தாலி கட்டச் சொல்கிற மாதிரி இருக்கிறது நைனா என்று எழுதியிருந்தாய். நீ தை மாதம் தாலி கட்டப்போகிற பெண் உன் மாமன் மகள், சரோஜா நடை பழகிய நாளிலிருந்து நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய், அந்தக் கவலை உனக்கு எதற்கு என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்களும் இந்தத் தொழில் பார்த்தவர்தானே. இவர்கள் ஏன் இப்படி ஒளிக்கிறார்கள்? யோக்கியமான காரணம் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குப் பாதி பதில் எழுதினால் போதும் என்றுதான் ஒன்பது நாளும் முயற்சி செய்தேன். பாதி எழுதினால் மீதி தானாக வந்து நிற்கிறது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

உனக்கு நினைவு தெரிந்தபோது நான் சத்திரத்துக் குமாஸ்தா. அதற்கு முன்னால் நானும் அடுப்படி ஆள்தான். நம் குடும்பத்தில் ஆண்கள் எல்லோரும் அதுதான். எனக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை, முப்பது வயதுக்குள் நெஞ்சு இளைப்பு வந்துவிட்டது. அடிவாரத்துச் சத்திரத்து மேனேஜர், நாலு எழுத்து தெரிந்தவன் என்று இரக்கப்பட்டு, அறைச் சாவிகளையும் வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டையும் என்னிடம் கொடுத்தார். கிருத்திகைக்குக் கிருத்திகை சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள் வருவார்கள். சாமி பார்த்துவிட்டு வந்து, இலை போட்டுச் சாப்பிட்டு, வெற்றிலை மடிக்கும்போது கேட்பார்கள், சைவமாகச் சமைக்கிற நல்ல ஆள் இருந்தால் ஒருவரை அனுப்பேன் என்று. இந்த ஊரில் கரண்டி பிடிக்கிற கைக்கா பஞ்சம்? ஒருவரை அனுப்பினேன், நன்றாக அமைந்தது. அந்த வீட்டார் இன்னொரு வீட்டாரிடம் சொன்னார்கள். சாவிக்கொத்து ஒரு கையில், ஆள் அனுப்புகிற வேலை இன்னொரு கையில் என்று அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் நானும் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினேன். புரசைவாக்கத்தில் ஒரு டாக்டர் வீடு. இன்ன தெரு, இன்ன டாக்டர் என்று நம் தெருக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர் தன் மச்சானிடம் சொன்னார், மச்சான் பெரியப்பா மகனிடம் சொன்னார். இரண்டு நாளில் டாக்டர் வீட்டு வாசலில் நோயாளிகளைவிடச் சமையல்காரர்கள் அதிகம். ஒருவர் கையில் வாழைத்தார், ஒருவர் கையில் யாரோ தாசில்தார் எழுதிக் கொடுத்த சிபாரிசு. அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த சமையல்காரருக்கு, தன் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கொதிக்கிற பருப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். டாக்டர் எனக்கு ஒரு கார்டு போட்டார். அதில் இருந்த வார்த்தைகளைப் பெற்ற பிள்ளைக்கு எழுத முடியாது.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் பெயர் சொன்னதில்லை. வீடுகளுக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். மோர்க்குழம்பு வீடு, அடை வீடு, பூண்டு ஆகாத வீடு. போகிறவர் கையில் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுப்பேன். மேலே பெயர் இருக்காது. சென்ட்ரலில் இறங்கி, கடிகாரத்துக்குக் கீழே நில், உன் கரண்டியை மூட்டைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொள், கரண்டியைப் பார்த்து ஒருவர் வருவார், அவரிடம் கவரைக் கொடு என்பேன். அதன்படியே போவார்கள். எந்த வீடு என்பது அந்த வீட்டு அடுப்படியில் காலை வைத்த பிறகுதான் தெரியும். ஒருமுறை நம் ஊர் வண்டியில் நான் அனுப்பிய ஆளும், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து கல்யாணச் சமையலுக்குப் போன இன்னொரு ஆளும் ஒரே நேரத்தில் கரண்டியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கல்யாணச் சமையல்காரர் வீட்டுக்குள் நுழைந்து நாலு பேருக்கு வடித்திருக்கிறார், நம் ஆள் மண்டபத்தில் நானூறு பேருக்கு வடிக்க முடியாமல் திணறியிருக்கிறார். மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஏன் ஒளிக்கிறார்கள் என்று கேட்டாயே. ஒன்று, பெயர் தெரிந்தால் ஆள் நேராகப் போய்விடுவான், நடுவில் இருக்கிறவனுக்குப் பிழைப்பு இல்லை. இதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானும் உங்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இன்னொன்று வீட்டாரின் கௌரவம். அந்த வீட்டில் சமையல்காரன் தங்குவதில்லையாம் என்று தெருவில் பேச்சு வந்துவிடக்கூடாது. கம்பெனிக்கும் அதே கதையாகத்தான் இருக்கும், பெரிய ஆள் ஒருவர் போகப்போகிறார் என்று தெரிந்தால் எதிர்க்கடைக்காரன் சந்தோஷப்படுவான். பிறகு, சிபாரிசுத் தொல்லை. நீயும் நல்லவன் போலக் கேட்கிறாயே ஒழிய, பெயர் தெரிந்த மறுநாளே அந்தக் கம்பெனியில் யாருக்கு யார் சொந்தம் என்று விசாரிக்கக் கிளம்பியிருக்க மாட்டாயா? அந்த ஏஜெண்டு உன் பெயரையும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டான், அதையும் நினைத்துப் பார். இப்போது உனக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு, நீ வேறு இடம் பார்க்கிறாய் என்பது தெரியாமல் இருப்பது அவன் வாயைக் கட்டிக்கொண்டிருப்பதால்தான். இதெல்லாம் யோக்கியமான காரணங்கள். நான் மனசாரச் சொல்கிறேன்.

யோக்கியம் இல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. பல இடங்களில், காலியாக இருக்கிறது என்று சொல்கிற வேலையில் அந்த நேரத்தில் ஓர் ஆள் இருந்துகொண்டுதான் இருப்பார். அவருக்குத் தெரியக்கூடாது. அவர் பாட்டுக்குக் காலையில் வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். இங்கே நாம் அவருக்குப் பதில் ஆளைத் தேர்ந்து, துணி மூட்டை கட்டச் சொல்லிக்கொண்டிருப்போம். நான் அப்படி எத்தனை பேரின் இடத்துக்கு ஆள் அனுப்பினேன் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. பெயர் இல்லாத வீடு, முகம் இல்லாத ஆள் என்று இருந்தால் மனசு உறுத்தாது. ஒருவருடைய முகம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதைத்தான் உனக்கு எழுத முடியாமல் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன்.

உன் கன்னியப்பன் மாமா மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் பத்து வருஷம் சமைத்தார், உனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பல் கிடையாது, வயிறு ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். பெருங்காயம் வாசனை வந்தால் இலையைத் தள்ளிவிடுவார். ரசத்தைச் சோற்றுக்கு ஊற்றாமல் முதலில் டம்ளரில் வாங்கிக் குடிப்பார். ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா "என் பெரியவரு, என் பெரியவரு" என்று பேசிக்கொண்டே இருப்பார். நமக்கெல்லாம் அந்த மனிதரைப் பார்க்காமலேயே அவர் சாப்பாட்டு விவரம் மனப்பாடம். அப்புறம் மாமாவுக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தார், நாக்கு மட்டும் எழவில்லை. உப்பும் புளிப்பும் தெரியவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தீபாவளிக்கு நம் வீட்டில் சாம்பார் வைத்தார். உன் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் மறு சோறு வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதியது. அவர் மூலமாக அதற்கு முன்பே பல வீடுகளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். "கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்குச் சமையல் ஆள் தேவை, பெயர் பிறகு தெரிவிக்கப்படும். வீட்டில் வயதானவர் ஒருவர், பல் இல்லை, பெருங்காயம் சேராது, ரசம் தனியாக டம்ளரில் கொடுக்க வேண்டும். இப்போதைய ஆள் பத்து வருஷமாக இருப்பவர், சமீபமாக உப்பு நிதானம் போய்விட்டது, அவருக்கு இது தெரிய வேண்டாம்." ஊருக்கெல்லாம் வீட்டின் பெயரை ஒளித்தவனுக்கே ஒருவர் பெயரை ஒளித்து எழுதியிருந்தார். மூன்றாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது மகனே. யார் வீடு, யார் அடுப்பு, யாரை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள், எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் பெயர் எழுதவில்லையே, அதனால் எனக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாதவன் மாதிரியே பதில் கார்டு எழுதினேன், ஆள் பார்க்கிறேன் என்று.

ஏன் செய்தீர்கள் என்று கேட்பாய். அந்தக் குமாஸ்தாவைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று ஒரு காரணம். நான் அனுப்பாவிட்டால் வேறு யாராவது அனுப்பத்தான் போகிறார்கள் என்று ஒரு காரணம். மாமாவின் நாக்கு போனது உண்மைதானே, பெரியவர் எத்தனை நாள் பொறுப்பார் என்று ஒரு காரணம். எல்லாம் அன்றைக்குச் சரியாகத்தான் பட்டது. இன்றைக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். ஒரு கார்டு எழுதியிருக்கலாம். எழுதினால் அதை வேறு யாராவது அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும், அவருக்குத்தான் எழுத்து தெரியாதே. சரி, நேரில் போயிருக்கலாம். கன்னியப்பா, உன் நாக்கு போய்விட்டது, ஒரு ஆளை வைத்து உப்புப் பார்த்துக்கொள் என்று காதோடு சொல்லியிருந்தால் அவர் அந்த வீட்டில் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார். நான் சொல்லவில்லை. சொல்லாததோடு நிறுத்தவும் இல்லை.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு மாமா மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எதிரே உட்கார்ந்து நான் கேட்டேன். "உன் பெரியவருக்கு ரசம் எப்படி வெப்ப கன்னியப்பா? சும்மா கேக்கறேன்." அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "இத்தினி வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல பாவா, நீங்கதான் கேக்கறீங்க" என்றார். பிறகு கையில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னார். பெருங்காயத்துக்குப் பதில் நெய்யில் பூண்டு வதக்கிப் போடணும். "இன்னொண்ணு இருக்குது, யார் கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க கிட்ட சொல்றேன். கொத்தமல்லிய ஆய்ஞ்சிட்டு வேரத் தூக்கிப் போடுவாங்க இல்ல? அத நல்லா மண்ணு போகக் கழுவி, மொளகு கூட வெச்சி நசுக்கிப் போடுவேன். நொரை கட்டிகினு வரும்போது எறக்கிடணும். அந்த வேரு வாசன இல்லன்னா என் பெரியவரு டம்ளரத் தொட மாட்டாரு." அக்கா கூட இதைத் தெரிந்துகொள்ளவில்லை பாருங்கள் என்று உன் அம்மாவைச் சீண்டப் பார்த்தார். உன் அம்மா தயிர் எடுக்க உள்ளே போயிருந்தாள், அவள் காதில் எதுவும் விழவில்லை. நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டேன்.

திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து ஏகாம்பரம் என்று ஒருவர் அப்போது வேலை கேட்டு என்னிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். கரும்பு வெட்டுகிற ஊரில் சமையல் கற்ற மனிதர், மூன்று பெண் குழந்தைகள், நல்ல கை. சத்திரத்து அடுப்படியில் நாலு நாள் வைத்து அவருக்கு அந்த ரசத்தைக் கற்றுக்கொடுத்தேன். புகையில் எனக்கு இளைத்தது, அப்படியும் விடாமல் நின்று கற்றுக்கொடுத்தேன். கொத்தமல்லி வேரைப் பார்த்து அவர் கேட்டார், "இத எங்க கத்துகினீங்க அண்ணா?" நான் நுரையைப் பார் என்றேன். பிறகு வழக்கம்போல் ஒட்டிய கவர், கடிகாரத்துக்குக் கீழே, கரண்டி வெளியே. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. யார் இடத்துக்குப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார் என்று கேள்வி.

புரட்டாசியில் மாமா திரும்பி வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, அந்தக் கரண்டி, கையில் மடித்த ஒரு காகிதம். வீட்டார் கொடுத்த நன்னடத்தைக் காகிதம். "இன்னா எழுதியிருக்குது பாவா, படிச்சி சொல்லுங்க" என்று என்னிடம்தான் நீட்டினார். உண்மையானவர், சுத்தமானவர், பத்து வருஷம் குறை சொல்ல இடமில்லாமல் இருந்தார் என்று இருந்தது. நான் சத்தமாகப் படித்தேன். அவர் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். பிறகு சொன்னார்: "போவச் சொன்னாங்க, சரி. வயசாச்சு, புடிக்கல, அது அவங்க இஷ்டம். ஆனா ஒண்ணுதான் பாவா புரியல. புதுசா வந்தவன் மொத நாளே ரசம் வெச்சான். வேரு நசுக்கிப் போட்டு வெச்சான். நான் பக்கத்துல நின்னுகினு பாத்தேன். பெரியவரு டம்ளர வாங்கிக் குடிச்சிட்டு ரெண்டாந்தரம் கேட்டாரு. அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"யார்னா சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்றேன்.

"ஆங், யார்னா சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்று அவரும் சொன்னார். அதற்குப் பிறகு இந்த எட்டு வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. சில நாள் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது, சில நாள் அந்த வெள்ளை மனசுக்கு எங்கே தெரிந்திருக்கப்போகிறது என்று தோன்றுகிறது. இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் இல்லை. நான் தொழிலை உடனே விட்டேனா என்றால் அதுவும் இல்லை, மேலும் இரண்டு வருஷம் ஆள் அனுப்பினேன். இளைப்பு அதிகமானதால்தான் விட்டேன்.

அரக்கோணம் ஸ்டேஷன் வாசலில் மாமா வடைக்கடை போட்டது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு ரயிலுக்கு நிற்கும்போது தினமும் உனக்கு இரண்டு வடை கட்டிக் கொடுத்தார். பெரிய வீட்டில் பத்து வருஷம் வெள்ளி டம்ளரில் ரசம் ஊற்றிய கை அது. கடை ஆரம்பித்த முதல் மாதம் வடையில் ஒரு நாள் உப்பு இல்லை, ஒரு நாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு சரோஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவளுக்குப் பத்து வயது. மாவு கரைத்ததும் அவள் நாக்கில் ஒரு துளி வைப்பார், அவள் தலையை ஆட்டினால் எண்ணெயில் போடுவார். இன்று வரைக்கும் அப்படித்தான். அந்தப் பெண்ணைத்தான் தை மாதம் உனக்குக் கொடுக்கப்போகிறார். அவள் உன்னோடு சென்னைக்கு வந்துவிட்டால் அவர் மாவை யார் நாக்கில் வைப்பார்? போன மாதம் நிச்சயம் பேச வந்தபோது அதைக் கேட்டேன். "கடைய மூடிடுவேன், இன்னா பாவா, பொண்ணு நல்லா இருந்தா போதாதா. உங்க வூட்டுக்குத்தானே குடுக்கறேன்" என்றார்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். கம்பெனிப் பெயரைக் கேட்டு அந்த ஏஜெண்டோடு சண்டை போடாதே. அவன் சொல்ல மாட்டான், சொல்லாமல் இருக்க அவனுக்குக் காரணம் உண்டு. பெயருக்குப் பதிலாக இதைக் கேள்: அந்த நாற்காலியில் இப்போது யாராவது உட்கார்ந்திருக்கிறாரா? உட்கார்ந்திருந்தால், நான் வரப்போவது அவருக்குத் தெரியுமா? என்னிடம் வேலை கேட்டு வந்தவர்களில் ஒருவர் கூட இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். அவன் பதில் சொல்லும்போது அவன் முகத்தைப் பார். ஆள் இருக்கிறார், தெரியாது என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு என நான் எழுத மாட்டேன். அப்படி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏகாம்பரத்துக்கும் மூன்று பெண்கள் இருந்தார்கள். நீயும் குடும்பம் நடத்தப்போகிறாய். போவதானால் தெரிந்துகொண்டு போ, போகாவிட்டால் தெரிந்துகொண்டு இரு. தெரியாது என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. எனக்குக் கேடு வந்தது அதனால்தான்.

நம் ஊரைத் தெலுங்கு ராஜ்யத்தோடு சேர்த்ததிலிருந்து இங்கே தாலுகா ஆபீசில் எல்லாம் தெலுங்கில் எழுதித் தரச் சொல்கிறார்கள், உன் கல்யாணத்துக்குச் சர்க்கரைக்கு மனு போடக் கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது. அதை எல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். நேரமில்லை. மாமா இறங்கி வந்துவிட்டார். கூடத்தில் இலை போட்டு உன் அம்மா பரிமாறுகிறாள். "உப்பு சரியா இருக்குதாக்கா?" என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறார், அவர் வைத்த குழம்பு இல்லை என்றாலும் கேட்கிறார். சற்று முன்னால் வாசலுக்கு வந்து, நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"இம்மாம் பெருசா எழுதிகினு இருக்கிறீங்களே பாவா, இன்னா சேதி?"

"வேல விசயம்" என்றேன். அது பொய் இல்லை.

"சரி, அவன் படிச்சி சொல்லுவான், நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் எட்டு வருஷம் வாய் திறக்காதவன், இன்றைக்கு இந்த வாசலில் வைத்துச் சொல்லிவிடுவேன் என்று காலையில் நினைத்தேன். முடியாது என்பது அவர் சந்தனத் தலையோடு இறங்கி வருவதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இதுவும் கோழைத்தனம்தான், பாரத்தை உன் தலையில் வைக்கிறேன், மன்னித்துக்கொள். மேலே பெயர் எழுதாமல் கவரை ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர் கையில் கொடுத்து அனுப்புவது எனக்குப் பழகிய வேலை. கடைசியாக ஒரு முறை அதைச் செய்கிறேன். கேட்ட பிறகு அவர் பெண் தரமாட்டேன் என்றால் மறுத்துப் பேசாதே, எனக்கு ஒரு கார்டு மட்டும் போடு, உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். தருகிறேன் என்றால் அவரையும் உன்னோடு சென்னையிலேயே வைத்துக்கொள், சரோஜா பக்கத்தில் இருக்கட்டும்.

இதுவரை நீ மனசுக்குள்ளேயே படித்திருப்பாய். அவர் உன் எதிரே உட்கார்ந்து, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு. கதவைச் சாத்திவிட்டு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. கொத்தமல்லி வேர் வருகிற இடத்தில் நிறுத்தாதே.

உன் நைனா